இடது நாலு, வலது ஆறு

ஜூன் 3

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை, கவனித்திருப்பாய். இது சமாதானக் கடிதம் இல்லை, சாக்ஸ் கடிதம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் பழைய கதை வந்துவிடும், சாக்ஸ் வராது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு மாதம் ரிக்கார்டு அறையில் தூசி தட்டிய பிறகு எனக்கு வெளிச்சுற்று கொடுத்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது. மற்ற நர்ஸுகள் போலத்தான் எனக்கும் சைக்கிள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், அதில் பாதி மேடு. ஆகஸ்ட் கடைசி வரை சோதனைக் காலம். சமாளித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி ரிக்கார்டு அறை, இந்த முறை ரிட்டயர் ஆகும் வரை.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கதவைத் தட்டினால் உள்ளே ஒருவர் "வந்துட்டியா" என்கிறார். பைல்கள் அப்படிச் சொல்வதில்லை.

சிக்கல் கால்தான். பத்தாவது கிலோமீட்டரில் விரல் மரத்துப்போகிறது. இருபதில் எரிகிறது. முப்பதில் நான் பெடலை மிதிக்கிறேனா, பெடல் என்னை மிதிக்கிறதா என்று தெரிவதில்லை. கான்வாஸ் ஷூ போட்டுப் பார்த்தேன், அடி மெல்லிசு, பெடல் கம்பி உள்ளங்காலில் பதிந்துவிட்டது. ஓடுவதற்கான ஷூ மெத்தென்று இருந்தது, மேட்டில் மிதித்த பலமெல்லாம் அந்த மெத்தைக்கே போய்விட்டது. சைக்கிள்காரர்களுக்கென்றே விற்கும் ஷூவுக்கு அடி பலகை மாதிரி கெட்டி, அது நல்லது. ஆனால் முன்பக்கம் புனல். மனுஷக் கால் அப்படியா முடிகிறது?

எல்லாவற்றையும் வழக்கம்போல இரண்டு ஜோடியாகத்தான் வாங்கினேன். எனக்கு இடது நாலு, வலது ஆறு. மிச்சமாகும் இடது ஆறும் வலது நாலும் எப்போதும் உனக்கு. உனக்கு ஐந்து. "நான் நடுவுல இருக்கேன், எதுவும் ஆகும்" என்பாயே. நாம் பேச்சை நிறுத்திய பிறகு வந்த மிச்சங்கள் மூன்று ஜோடி கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

எனக்கு வேண்டியது சாக்ஸ். கடையில் கிடைப்பது இடது காலில் குதிகால் தாண்டிச் சுருண்டு கிடக்கிறது. உங்கள் சாக்ஸ் கம்பெனி சாம்பிள் மெஷினில் ஒற்றை ஒற்றையாகப் போட முடியும் என்று ஒருமுறை சொன்னாய். இடது காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். வலதுக்கு எதற்கு, அது நல்ல கால்.

இப்படிக்கு,
தங்கை


ஜூன் 11

வாலு,

நீ அன்புள்ள போடாததை நான் முதலில் கவனிக்கவே இல்லை. கடிதம் வந்ததே பெரிது என்று வாசலில் நின்றபடி படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் தெரிந்தது. உனக்கு வாய் குறையவில்லை என்பதும் தெரிந்தது.

உன் இடது காலை நீ வரைந்து அனுப்ப வேண்டியதில்லை. எனக்கு அது மனப்பாடம். பிறவியிலேயே வளைந்திருந்த அந்தக் காலுக்கு நடந்த மூன்று ஆபரேஷனுக்கும் கட்டுப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவள் நான். மேல்பாகம் உயரம், குதிகால் சின்னது, சுண்டுவிரல் பக்கம் அகலம். சாம்பிள் மெஷின்காரரிடம் சொல்லி மூன்று விதமாகப் போட்டிருக்கிறேன். விரல் நுனியில் தடிப்பாகத் தையல் வராமல், கண்ணி கண்ணியாகக் கோத்து நானே மூடினேன். குதிகாலுக்குப் பை சின்னதாக வைத்திருக்கிறது, இனி சுருளாது. பருத்தி கேட்காதே. வியர்வையைக் குடித்துவிட்டு நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கும், கொப்புளம் அதில்தான் வருகிறது. வலதுக்கு ஆறாம் நம்பர் மூன்று வைத்திருக்கிறேன்.

மிச்ச ஜோடிகளை இப்போது அனுப்ப வேண்டாம். இருக்கிறது எனக்கு.

ரிக்கார்டு அறை என்று எழுதிக் குத்திக் காட்டியிருக்கிறாய். ஆமாம், நீ முதல்முறை வெளிச்சுற்று கேட்டபோது நான்தான் மேட்ரனைப் போய்ப் பார்த்தேன். மூன்று ஆபரேஷன் ஆன கால், உள்வேலையாகக் கொடுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் செய்தேன் என்பதுதானே உன் கோபம்? சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

இடது கால் சாக்ஸில் இரண்டாவது விதம் சொர்க்கம். காலையில் போட்டால் மாலை வரை ஒரு சுருக்கம் இல்லை. சாம்பிள் மெஷின்காரருக்கு என் நன்றியைச் சொல். கோத்து மூடியவளுக்கும்தான்.

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நீயும் கேட்கவில்லை. எரிவது இடது கால் இல்லை. இடது கால் சமர்த்தாக மிதிக்கிறது. எரிவதெல்லாம் வலது கால். நல்ல கால். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. நேற்று மூன்றாவது வீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அம்மாவுக்குக் கட்டுப் போட்டேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "முதல்ல உனக்குப் போட்டுக்கோ கட்டு" என்றார்.

எந்தக் கால் என்று கேட்காமலே இடது காலுக்கு மூன்று விதம் பின்னுகிறாய். உனக்கு நான் என்றால் அந்தக் கால் மட்டும்தான்.

இன்னொன்றும் கேள். திங்கட்கிழமை மேட்ரன் கூப்பிட்டார். நான் நொண்டுவதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மேஜையில் என் பைல் திறந்திருந்தது. "உங்க வீட்லயே எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். உன் கையெழுத்து, உன் நீல மை. பதினெட்டு மாதமாக அந்த ஒரு காகிதம் என் முன்னால் போய் எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டிருக்கிறது. இந்த முறையும் சாத்தும் போலிருக்கிறது. உன் நல்லது எனக்குப் போதும்.

வலது காலுக்குத் தடிமனாக ஒரு சாக்ஸ் போட முடியுமா? முடியாது என்றால் ஒரு வரி எழுதிவிடு, வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை


ஜூலை 2

வாலு,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். பதில் பிறகு. முதலில் கால்.

தடி சாக்ஸ் போடக் கூடாது. இறுக்கமான ஷூவில் தடி சாக்ஸ் போடுவது நிரம்பிய பஸ்ஸில் இன்னும் நாலு பேரை ஏற்றுவது. அளவுப் பிரிவில் இருக்கும் பெரியவரிடம் உன் நகத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் கம்பெனி சாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் நீள அகலம் அவர் கணக்குத்தான். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வலது கால எப்பம்மா அளந்தது?"

"அது நல்ல கால்ங்க, ஆறாம் நம்பர்."

"நம்பர் கேக்கல. அளந்தது எப்பன்னு கேட்டேன்."

நான் கையிலிருந்த சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர், "நல்ல காலும் வளரும்மா, அதுக்கு யாரும் தடை போட முடியாது. அளந்து அனுப்பச் சொல்லு" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அதனால் இப்படிச் செய். காலையில் அளக்காதே, சுற்று முடிந்து வந்ததும் வீங்கின காலோடு அள. உட்கார்ந்து வரையாதே, நின்றுகொண்டு வரை. உட்கார்ந்தால் கால் சுருங்கிப் பொய் சொல்லும். குதிகால் சுவரில் படட்டும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடி. நீயே குனிந்தால் பாரம் மாறிவிடும், வேறு யாரையாவது வரையச் சொல்.

எண் என்ன வந்தாலும் எனக்கு எழுது. என்ன வந்தாலும்.

அக்கா


ஜூலை 12

அக்கா,

பக்கத்து அறை பிசியோகாரி முட்டி போட்டு வரைந்தாள். இருபத்தாறு சென்டிமீட்டர். மறுபடி வரையச் சொன்னேன், மறுபடியும் இருபத்தாறு. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், என் வலது ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது உங்க ஷூவா, தங்கச்சியோடதா?" என்றார். என்னுடையது என்றேன். "ஏழரை கால் இது. அகலமும் சேத்தா எட்டு. இத்தனை நாளா எப்படிம்மா ஆறுக்குள்ள போச்சு?" என்று கேட்டார். பழகிவிட்டது என்றேன். "பழகினது நீங்க. கால் பழகல" என்றார்.

கடைசியில் ஆண்கள் வரிசையில் கிடைத்தது. அகலமான முன்பக்கம், கெட்டியான அடி, மேலே இரண்டு பட்டை. வீங்கினால் வழியிலேயே தளர்த்திக்கொள்ளலாம். வலது எட்டு, இடது நாலு. நாலு அந்த வரிசையில் இல்லை, பெண்கள் வரிசையிலிருந்து எடுத்தோம். நிறம் ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். யார் பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுச் சுற்றும் போனேன். திரும்பி வந்து சைக்கிளைப் பூட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. அன்று முழுவதும் எனக்குக் கால் இருப்பதே ஞாபகம் வரவில்லை. நாற்பத்து மூன்று கிலோமீட்டர். கடைசி மேட்டிலும் இறங்கவில்லை, உன் பேச்சைக் கேட்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். வலியினால் இல்லை.

வலதுக்கு இனி எட்டாம் நம்பர் சாக்ஸ் வேண்டும், அகலத்தை வரைபடத்தில் பார்த்துக்கொள். இந்த முறை மிச்சத்தை உனக்கு அனுப்ப முடியாது. இடது எட்டு வருகிறது, நீ இரண்டு காலையும் ஒன்றாக அதற்குள் விடலாம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பதினாலு வயதிலிருந்து நான் கடைக்குப் போனால் வலது ஆறு என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு என்று முதலில் யார் சொன்னது? அளந்தவர் அவ்வளவு குருடரா?

தங்கை


ஜூலை 25

வாலு,

எட்டாம் நம்பரில் ஆறு சாக்ஸ் இத்துடன் இருக்கிறது. போட்டுவிட்டு மீதியைப் படி.

அளந்தவர் குருடர் இல்லை. சரியாகத்தான் அளந்தார். உனக்குப் பதினாலு, எனக்குப் பதினேழு, நான் கம்பெனியில் சேர்ந்த முதல் வருஷம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னைக் கடைக்குக் கூட்டிப் போனது நான். கடைக்காரர் உன் வலது காலைப் பலகையில் வைத்துப் பார்த்து ஏழு எடுத்து வந்தார். "இன்னும் வளரும், ஏழே எடுத்துக்கங்க" என்றார். நீ கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாய். நான் அவரிடம் ஆறே போதும் என்றேன்.

வலது ஏழு என்றால் மிச்சம் இடது ஏழு. அது என் காலில் நிற்காது. ஆறை இரண்டு சாக்ஸ் போட்டு நிறுத்திவிடுவேன், ஏழு கழன்று விழும். கம்பெனியில் ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எனக்கென்று மூன்றாவதாக ஒரு ஜோடி கேட்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. நம் வீட்டில் எனக்கென்று யாரும் ஷூ வாங்கியதில்லை, மிச்சம்தான் வழக்கம். அந்த ஆறு உன் அளவு இல்லை. என் காலுக்கு ஆகிற அளவு.

அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீயே ஆறு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாய். நீ சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது நிஜமாகிவிட்டது. அளவுப் பெரியவர் கேட்டபோதுதான் கடைக்காரர் எடுத்து வந்த அந்த ஏழு ஞாபகம் வந்தது. இருபது வருஷம் உன் நல்ல காலை நெரித்தவள், உன் காலைக் காப்பாற்றுகிறேன் என்று மேட்ரனிடம் போய் நின்றிருக்கிறேன்.

நாலாம் நம்பரில் என் வலது கால் எப்படி இருந்தது என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்க வேண்டாம். அது என் சொந்தச் செலவு.

நீ எழுதாவிட்டாலும் சாக்ஸ் வரும்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

ஐந்து வாரம் எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னை வண்டி வண்டியாகத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் மன்னித்திருந்தேன், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. மூன்றாவது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

நீ அப்போதே சொல்லியிருக்கலாம். "எனக்கு ஒரு ஜோடி வேணும்" என்று நாலே வார்த்தை. கேட்காமல் தியாகம் செய்துவிட்டு, அந்தத் தியாகத்தின் பில்லை என் கட்டைவிரலில் ஒட்டிவிட்டாய். எனக்குக் கோபம்தான். ஒளித்து எழுத முடியவில்லை.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்க முடியவில்லை. நீ வீட்டுக்குள்ளும் சாக்ஸோடுதான் இருப்பாய். படுக்கும்போதுகூட. கம்பெனி விசுவாசம் என்று நானும் அம்மாவும் கிண்டல் செய்வோம், நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் நர்ஸ். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் காலைத் தூக்கிப் பார்க்கிறேன். என் அக்காவின் வெறுங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்த வலது நாலை இருபது வருஷம் டப்பாவில் போட்டு உனக்கு நீட்டியவள் நான்தான். எதுவும் ஆகும் என்று நீ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. நம்பிவிட்டேன்.

இனி சேதி. கடைசி வாரம் மேட்ரன் ஜீப்பில் என் பின்னாலேயே இரண்டு நாள் வந்தார். மேட்டில் ஜீப் திணறியது, நான் திணறவில்லை. நேற்றுக் கூப்பிட்டு நிரந்தரம் என்று கையெழுத்துப் போட்டார். பைலில் உன் கடிதத்தை எடுத்துக் காட்டி, "இத என்ன பண்றது? எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அதன் கீழே என் இரண்டு கால் அளவையும் தேதி போட்டு எழுதச் சொன்னேன். வினோதமாகப் பார்த்தார், எழுதினார்.

நீ ஒரு வேலை செய்ய வேண்டும். சாக்ஸைக் கழற்று. இரண்டு காலையும். மாலையில், நின்றுகொண்டு, குதிகால் சுவரில் படும்படி. பென்சில் நேராக. உனக்கே தெரிந்த முறைதான். யாரையாவது வரையச் சொல்லி எனக்கு அனுப்பு. கேட்க மாட்டாய் என்று எழுதியிருந்தாய், இதோ கேட்டுவிட்டேன்.

வாலு


செப்டம்பர் 15

வாலு,

நிரந்தரம் ஆன சேதியைப் பாக்கிங் பிரிவு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே பாதிப் பேருக்கு நீ யாரென்றே தெரியாது. இருந்தாலும் சந்தோஷப்பட்டார்கள்.

வரைபடம் உள்ளே இருக்கிறது. அளவுப் பெரியவரிடம் காட்ட வெட்கமாக இருந்தது, என்னோடு கண்ணி கோக்கும் ஒரு அம்மாவைத்தான் வரையச் சொன்னேன். வலது காலில் இரண்டாவது விரல் கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் கோடு அங்கே கொஞ்சம் உளறியிருக்கும். அவர் தப்பு இல்லை. கால் அப்படித்தான் இருக்கிறது. வரைந்து முடித்து அவர் பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். இதற்கு வைத்தியம் இருந்தால் எழுது, கேட்கிறேன். இல்லாவிட்டாலும் எழுது.

சனிக்கிழமை நானே கடைக்குப் போய் ஷூ வாங்கினேன். ஒரு ஜோடி. இடதும் ஐந்து, வலதும் ஐந்து, வலது கால் விரலுக்காக முன்பக்கம் நீளும் துணி வைத்த மாடல். கடைப் பெண், "வேற யாருக்காவது வேணுமா?" என்றாள். பழக்கத்தில் நாலு, ஆறு என்று சொல்ல வந்து, இல்லை என்றேன். இரண்டும் ஒரே அளவான ஷூவில் நடப்பது புதுசாக இருக்கிறது, இடது காலைத் தேவையில்லாமல் தூக்கித் தூக்கி வைக்கிறேன். மூன்று நாளாகக் கோபம் வேறு வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. உன் மேலும் கொஞ்சம் இருக்கிறது. நீ ஒளிக்காமல் எழுதியதால் நானும் எழுதுகிறேன்.

மேட்ரனுக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி இனிமேல் எழுத மாட்டேன் என்றேன். எழுத வேண்டியிருக்கிறது. அதில் உன் காலைப் பற்றிய வரிகள் எல்லாம் உண்மை. மூன்று ஆபரேஷன் உண்மை, தேதிகள் உண்மை. எழுதிய காரணம்தான் பொய். உன் நல்லதுக்கு என்று மேட்ரனிடம் சொன்னேன், உன்னிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். உனக்கு இரண்டு வயதிலிருந்து என் வேலை நீ விழாமல் பார்த்துக்கொள்வது. வேறு வேலை எனக்குத் தெரியாது. நீ தனியாகச் சைக்கிளில் போகப் போகிறாய் என்று கேட்டதும் எனக்குப் பயம் வந்தது நிஜம். மேட்டில் நீ விழுந்துவிடுவாய் என்று இல்லை.

விழவே மாட்டாய் என்று.

அது தப்பு. மன்னித்துவிடு.

அக்கா